முதலில் கால், பிறகு கண், கடைசியில் கை

பாகலூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் பேத்தி ஓர் அட்டையை என் கையில் கொடுத்தாள். புதுச்சேரியில் நான்கு நாள் தங்கி, முதுகில் காற்றுக் குடுவையைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் நீந்தக் கற்று, வாங்கி வந்த ஸ்கூபா சான்றிதழ் அது.

"அடுத்த தடவை சும்மா வேடிக்கை பார்க்கப் போகமாட்டேன் தாத்தா. பவளப்பாறை எல்லாம் செத்துக்கிட்டு வருதாம். நான் பவளம் நடப் போறேன்" என்றாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. வீட்டில் யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஒன்று தொண்டையில் வந்து நின்றது. அவள் நட நினைக்கும் பவளத்தை உடைத்துக் கூலி வாங்கியவன் நான்.

அன்று சொல்ல வராததை இப்போது எழுதுகிறேன். அவளுக்கும், ஓசூரிலும் பாகலூரிலும் ஷிப்டுக்குப் போய்வந்து, சேர்த்த பணத்தில் விடுமுறைக்குக் கடலைத் தேடிப் போகும் அவள் வயதுப் பிள்ளைகளுக்கும்.

கடப்பாரை பிடித்த நாட்கள்

நான் பிறந்தது தூத்துக்குடிக் கரையில். அப்பா சங்கு குளிப்பவர். 1961இல் நடந்த முத்துக்குளிப்பிலும் இறங்கியிருக்கிறார். நம் பக்கத்து மன்னார் வளைகுடாவில் அதற்குப் பிறகு அப்படி ஒரு முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. காலுக்கு ஒரு கல், இடுப்புக்கு ஒரு கயிறு, நெஞ்சில் பிடித்த மூச்சு. அவ்வளவுதான் அவருடைய கருவிகள். கடலடியில் மேடாகக் கிடக்கும் பாறையை எங்கள் ஊரில் 'பார்' என்போம். எந்தப் பாரில் சிப்பி கிடக்கும், எந்தப் பாரின் ஓரத்து மணலில் சங்கு கிடக்கும், எங்கே மீன் ஒதுங்கும் என்பதெல்லாம் அவருக்கு வீட்டுக் கொல்லையைப்போலத் தெரியும்.

எனக்கு அந்தப் பொறுமை இல்லை. பதினாறு வயதில், 1970களின் தொடக்கத்தில், கல் எடுக்கப் போய்விட்டேன். கல் என்றால் முருகைக்கல், அதாவது பவளம். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து வள்ளத்தை நிறுத்திவிட்டு, கழுத்தளவுக் கடலில் நின்று கடப்பாரையால் நெம்புவோம். உயிரோடு இருக்கும் பவளம் பெயர்ந்து வந்தால் கையில் வழவழவென்று கோழை ஒட்டும். வெயில் ஏற ஏற அது நாறும். இது ஓர் உயிர் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கை நாறியபோதாவது நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

வள்ளம் நிறைந்ததும் கரைக்கு வருவோம். பெண்கள் கூடையில் சுமந்துபோய்க் காளவாசலில் கொட்டுவார்கள். வெந்து வந்த சுண்ணாம்பு வீட்டுச் சுவருக்குப் போகும். வேகாத கல் ஆலைகளுக்குப் போகும். ஒரு வள்ளம் கல் இறங்கினால் காளவாசல் சுவரில் கரியால் ஒரு கோடு. நான்கு கோடுகளின் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் ஐந்து. சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கோடுகளை எண்ணித்தான் கூலி.

அப்பா என்னைத் திட்டவில்லை. ஒருநாள் நாங்கள் உடைத்து முடித்த பாருக்கு என்னைக் கூட்டிப்போனார். "இறங்கிப் பாருல" என்றார். இறங்கினேன். குச்சி குச்சியாக உடைந்த கல்லும் மணலும்தான் கிடந்தன. ஒரு மீன்கூட என்னைத் தாண்டிப் போகவில்லை. மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபோது அவர் கேட்டார்: "இங்க இருந்ததெல்லாம் இப்ப எங்கல போகும்?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. சில ஆண்டுகளில் வெல்டிங் படித்துவிட்டு, 1979இல் ஓசூர் சிப்காட்டுக்கு வந்தேன். பாகலூரில் வீடு கட்டினேன். கடலை மறந்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நடந்ததைச் செய்தித்தாள்களில்தான் படித்தேன். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 2001இல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு என்ன காவலோ அதே காவல் பவளத்துக்கும் கிடைத்தது. 2005 வாக்கில் கல் எடுப்பது நின்றது. அந்த ஆண்டு முடிந்த கணக்கெடுப்பு, மன்னார் வளைகுடாவில் சுமார் 110 சதுர கிலோமீட்டர் பவளப்பாறைப் பரப்பு இருந்ததாகவும், அதில் 32 சதுர கிலோமீட்டர் சிதைந்துபோனதாகவும் சொன்னது. அலையைத் தடுத்து நின்ற பாறை போனபிறகு தீவும் கரைந்தது. விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. அந்த 32இல் என் கடப்பாரையின் பங்கும் இருக்கிறது.

இதையெல்லாம் சொன்னபிறகுதான், கண்ணு, உனக்கு மூன்று பாடம் சொல்லும் தகுதி எனக்கு வரும் என்று நினைக்கிறேன். நீ "நடப் போகிறேன்" என்றபோது கையை முதலில் நீட்டினாய். கடலில் வரிசை வேறு. முதலில் கால், பிறகு கண், கடைசியில்தான் கை.

கால்

அப்பா எனக்குச் சொன்ன முதல் பாடம் மூச்சைப் பற்றியது இல்லை. "அடியில போனா காலை உதறாத. கலங்குச்சுன்னா சங்கு தெரியாது." மணலில் பாதி புதைந்து கிடக்கும் சங்கைக் கண்டுபிடிக்க வேண்டியவன் தானே அதன்மேல் சேற்றைக் கிளப்பினால் அன்றைய கூலி போச்சு. அதனால் நல்ல குளிப்பவர் அடியில் பூனைமாதிரி நடப்பார்.

உனக்குச் சங்கு வேண்டாம். ஆனால் நீ காலில் மாட்டும் துடுப்பு ஒரு தட்டு தட்டினால் எழும் வண்டல் பவளத்தின்மேல் போய்ப் படியும். நம் ஊரில் கிரஷர் ஓடும் பக்கம் இருக்கிற மாமரத்தைப் பார்த்திருப்பாய். இலையெல்லாம் சாம்பல் பூத்து, மரம் நிற்கும், காய்க்காது. பவளத்துக்கும் அதே கதிதான். கல்போலத் தெரிகிற அதன் மேல்தோல் முழுக்கக் குட்டிக் குட்டி உயிர்கள் வாயைத் திறந்துகொண்டு இருக்கின்றன. வண்டல் விழுந்தால் அதைத் தள்ளிவிடவே அவற்றின் சக்தியெல்லாம் செலவாகும். துடுப்பின் நுனி நேரே பட்டால் கிளை ஒடிந்தே போகும். மான்கொம்புபோலக் கிளைவிடும் பவளம் நல்ல கடலில் ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வளரும். உருண்டையாகக் கிடக்கும் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். ஒரு மனிதத் தலை அளவுக்கு உருண்டு நிற்கிற பவளம் உன்னைவிட வயதில் மூத்ததாகக்கூட இருக்கலாம்.

அதனால் ஒரு டைவர் பவளத்துக்குச் செய்கிற முதல் உதவி, மூழ்காமலும் மிதக்காமலும் நடுநீரில் அசையாமல் நிற்கப் பழகுவதுதான். இடுப்பில் எவ்வளவு ஈயம் கட்ட வேண்டும், காற்றுச் சட்டையில் எவ்வளவு காற்று விட வேண்டும், மூச்சை இழுத்தால் எவ்வளவு எழும்புகிறோம், விட்டால் எவ்வளவு இறங்குகிறோம் என்பது உடம்புக்கே தெரிந்துவிட வேண்டும். இதை நீச்சல் குளத்திலும் வெறும் மணல் தரையிலும் பழகு. பவளத்தின்மேல் பழகாதே. தொங்கும் குழாய்களையெல்லாம் உடம்போடு கட்டிக்கொள். படம் எடுக்கும் ஆசையில் ஒரு கையால் பவளத்தைப் பிடித்துக்கொள்ளாதே. நீ ஏறும் படகு எங்கே நங்கூரம் போடுகிறது என்று கேள். நிரந்தர மிதவையில் கயிறு கட்டும் படகில் ஏறு. பவளத்தின்மேல் இரும்பை எறிகிற படகில் ஏறாதே. கேட்க வெட்கப்படாதே, நீதான் காசு கொடுக்கிறாய்.

தோலில் பூசும் வெயில் கிரீமையும் பார்த்து வாங்கு. அதில் இருக்கும் ஆக்சிபென்சோன் இளம் பவளத்துக்குக் கேடு என்று ஆய்வுகள் சொன்னதால், பலாவு என்ற குட்டித் தீவு நாடு 2020இலும், ஹவாய் 2021இலும் அப்படிப்பட்ட கிரீமைத் தடுத்தன. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் கிரீமே பெரிதாகத் தேவைப்படாது.

உன் உடம்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆழத்தில் மூச்சுவிடும்போது இரத்தத்தில் கரையும் நைட்ரஜன் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால் ஆபத்து என்று உனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மலை ஏறினாலும் அதே ஆபத்துதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் புதுச்சேரியில் மூழ்கி எழுந்து, திங்கட்கிழமை ஷிப்டுக்காக அன்று ராத்திரியே கிருஷ்ணகிரி தாண்டி மேட்டில் ஏறி வருவது நம் பிள்ளைகள் செய்யக்கூடிய தவறு. பல நாள் மூழ்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் கீழேயே இரு. ஒருநாள் சம்பளம் போனால் போகட்டும்.

தனியாகவும் இறங்காதே. எங்கள் பக்கத்தில், குளிப்பவனின் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுக்க வேண்டும் என்பார்கள். தங்கையின் தாலி தன் பிடியில் இருக்கிறது என்று தெரிந்தவன் கயிற்றை விடமாட்டான். இன்று உனக்குக் கயிறு கிடையாது, கூட இறங்கும் ஜோடிதான் உண்டு. அந்த ஜோடியை அதே நம்பிக்கையோடு தேர்ந்தெடு. அவர்களுக்கு நீயும் அப்படியே இரு.

கண்

காளவாசல் சுவரில் இருந்த கோடுகளை நான் மறக்கவே இல்லை. எடுத்ததை எண்ணினோம். ஒரு வள்ளம்கூடக் கணக்கு தப்பியதில்லை. ஆனால் எவ்வளவு உயிரோடு மிச்சம் இருக்கிறது என்று ஒருவரும் எண்ணவில்லை. மிச்சத்தை எண்ணாத தொழில் எதுவானாலும் ஒருநாள் முடிந்துபோகும். இது கடலுக்கு மட்டும் உள்ள கதை இல்லை. நம் ஊர் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் இதுதான் கதை.

தூத்துக்குடியில் 1998இல் தொடங்கிய சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அந்த மிச்சத்தை எண்ணினார்கள். முதுகில் குடுவையோடு இறங்கி, பாறைமேல் டேப்பை விரித்து, டேப்புக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர் உயிருள்ள பவளம், எத்தனை செத்தது, எத்தனை பாசி, எத்தனை மணல் என்று ஒவ்வொரு தீவாக எழுதினார்கள். 2005இல் மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளத்தின் பங்கு சுமார் 37 சதவீதம். கல் எடுப்பது நின்றபிறகு 2009இல் அது 43 சதவீதம் அளவுக்கு ஏறியது. இந்த எண்ணைப் படித்த அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. நாங்கள் கையை எடுத்ததும் கடல் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளத் தொடங்கியிருந்தது.

பிறகு வெயில் வந்தது. பவளத்தின் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. அது வெயிலைக்கொண்டு சமைத்து, சாப்பாட்டையே வாடகையாகக் கொடுக்கிறது. பவளத்துக்கு வேண்டிய உணவில் பெரும்பகுதி அப்படித்தான் கிடைக்கிறது. அதன் நிறத்தில் பெரும்பகுதியும் அந்தப் பாசியுடையதுதான். கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிடக் கடல் ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால், பவளம் அந்தக் குடித்தனக்காரரை வெளியே அனுப்பிவிடும். அதோடு நிறமும் போய்விடும். வெளுத்த பவளம் உடனே செத்துவிடாது. பட்டினி கிடக்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பி வரும், பவளமும் பிழைக்கும். தணியாவிட்டால் சாகும். 2010இல் ஒருமுறை அப்படி வெளுத்தது. 2016இல் வந்தது இன்னும் கொடியது. அந்த ஒரே கோடையில் உயிருள்ள பவளம் 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகச் சரிந்தது.

இந்த எண்கள் யாருடைய கண்ணால் வந்தன என்று யோசித்துப் பார். அங்கே இறங்கிப் பார்த்தவர்கள் இல்லாவிட்டால் கரையில் நிற்கிற நமக்கு அலை மட்டும்தான் தெரியும். உன் சான்றிதழின் உண்மையான மதிப்பு இதுதான். உலகத்து விஞ்ஞானிகள் எல்லோரும் சேர்ந்தாலும் எல்லாப் பாறைக்கும் எல்லா மாதமும் போக முடியாது. விடுமுறைக்குப் போகிற டைவர்கள் போகிறார்கள். 1996இல் தொடங்கிய ரீஃப் செக் என்ற அமைப்பு, உலகம் முழுக்கத் தன்னார்வ டைவர்களை எண்ணப் பழக்கியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002இல் பிறந்த கோரல் வாட்ச், பெயிண்ட் கடையில் நீட்டுவார்களே, அதுபோல ஒரு ஷேட் கார்டைக் கையில் கொடுக்கிறது. அதைப் பவளத்தின் பக்கத்தில் தொடாமல் பிடித்து, எந்த நிறத்தோடு பொருந்துகிறது என்று குறித்துக்கொண்டு வந்தால் போதும். நம் வண்டித் தொழிற்சாலைகளில் பெயிண்ட் பிரிவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அரை நிற வித்தியாசத்தையும் சொல்லிவிடுவார்கள். அந்தக் கண் கடலுக்கும் உதவும்.

தேதி, நேரம், இடம், ஆழம், தண்ணீரின் வெப்பம், வெளுத்திருந்ததா, வலை சிக்கியிருந்ததா, என்ன மீன் எத்தனை. ஒவ்வொரு முறையும் இதை எழுது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போ. பத்து ஊர்க் கடலை ஒரு தடவை பார்ப்பதைவிட, ஒரு பாரைப் பத்துத் தடவை பார்ப்பது பெரிய காரியம். லட்சத்தீவில் ரோகன் ஆர்தர் என்ற ஆராய்ச்சியாளர் 1998ஆம் ஆண்டின் பெரிய வெளுப்பிலிருந்து அதே பாறைகளுக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து வருகிறார். எந்தப் பாறை தேறும், எந்தப் பாறை தேறாது என்பது அப்படிப் போனவருக்குத்தான் தெரியும்.

கை

இப்போது கைக்கு வருகிறேன். கையின் முதல் வேலையும் நடுவது இல்லை, அகற்றுவது. தொலைந்துபோன வலை பாறையில் சிக்கிக்கொண்டு, அலைக்கு அலை அதை அறுத்துக்கொண்டே இருக்கும். மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்ததும் பிடித்து இழுக்கத் தோன்றும். இழுத்தால் பவளத்தோடு பெயர்ந்து வரும். கத்தரித்துக் கத்தரித்து, துண்டு துண்டாகத்தான் எடுக்க வேண்டும். பவளம் வளர்ந்து வலையை விழுங்கியிருந்தால் அந்தத் துண்டை அப்படியே விட்டுவிட வேண்டும். அதுவும் பயிற்சி பெற்றவர்களோடு சேர்ந்து, ஆள் சிக்கிக்கொண்டால் விடுவிக்கத் தெரிந்தவர்களோடு.

இன்னொரு பாடம் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் இருக்கிறது. வளர்ப்புக்காக வெளிநாட்டிலிருந்து வந்த கப்பாஃபைகஸ் என்ற பாசி, 2008 வாக்கில் அங்கே பவளத்தின்மேல் பாய்போலப் படர்ந்து மூடியது தெரியவந்தது. வெளிச்சம் இல்லாமல் அடியில் பவளம் செத்தது. ஆட்கள் இறங்கிக் கையால் பிய்த்தெடுத்தார்கள். ஒரு விரல் அளவுத் துண்டு தப்பினாலும் மறுபடி படர்ந்துவிடும் என்பதால் திரும்பத் திரும்ப இறங்க வேண்டியிருந்தது. படம் எடுத்துப்போட்டால் ஒருவரும் கைதட்டாத களை பிடுங்கும் வேலைதான் அது. அதுபோன்ற வேலைக்குப் போகிறவர்களைத்தான் நான் பெரியவர்கள் என்பேன்.

கையை எடுத்துக்கொள்வதும் கை வேலைதான். பாம்பன் தீவில் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, குடுவை இல்லாமல் மூச்சடக்கிக் கடலில் பாசி எடுப்பவர். பவளத்தைச் சிதைக்காமல் பாசி எடுக்க வேண்டும் என்று தன்னோடு தொழில் செய்யும் பெண்களை ஒன்றுசேர்த்தார். 2015இல் அவருக்குச் சீக்காலஜி என்ற உலக விருது கிடைத்தது. கடலில் இறங்கினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருக்கும் பெண்களே அளவு வைத்துக்கொண்டார்கள் என்றால், விடுமுறைக்குப் போகிற நமக்கு என்ன சாக்கு இருக்கிறது?

இனி நடுவது. பாகலூர்ப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பசுமைக்குடிலில் ரோஜா வளர்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நல்ல தாய்ச்செடியிலிருந்து குச்சி வெட்டுகிறோம், பதமான மண்ணில் ஊன்றுகிறோம், வேர் பிடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறோம். மன்னார் வளைகுடாவில் 2002 முதல் சுகந்தி தேவதாசன் நிறுவனத்தார் செய்துவருவதும் அதுதான். ஆரோக்கியமான பவளத்திலிருந்து விரல் நீளத் துண்டுகளை எடுத்து, சிமென்ட் பலகையில் கட்டி, கடலடியில் நிறுத்திய சட்டங்களில் வைக்கிறார்கள். பிறகு பாசி படராமல் துடைப்பதும், கடித்துத் தின்னும் நத்தையைப் பொறுக்குவதும், அளந்து எழுதுவதும் மாதக்கணக்கில் நடக்கும். கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றி 2015இலிருந்து ஆயிரக்கணக்கான கான்கிரீட் கட்டுமானங்களை இறக்கினார்கள். அவை அலையின் வேகத்தைத் தணித்துத் தீவைக் காத்தன. அவற்றில் மீன் குடியேறியது, பவளமும் தானாக வந்து ஒட்டியது. அந்தமானில் ரீஃப் வாட்ச் என்ற அமைப்பினர் உடைந்து கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கி, சட்டங்களில் பொருத்தி வளர்க்கிறார்கள்.

ரோஜாக்காரருக்குத் தெரிந்த எச்சரிக்கைகள் இங்கேயும் உண்டு. ஒரே தாயிலிருந்து வெட்டிய குச்சியால் தோட்டம் முழுக்க நிரப்பினால், ஒரு நோய் வந்து மொத்தத்தையும் கொண்டுபோகும். பல தாய்களிலிருந்து, முடிந்தால் வெயிலில் வெளுக்காமல் நின்ற தாய்களிலிருந்து எடுக்க வேண்டும். சாக்கடை வந்து விழும் இடத்தில் நட்டால் பிடிக்காது, முதலில் தண்ணீரைச் சரிசெய்ய வேண்டும். அனுமதி இல்லாமல் நடவும் கூடாது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் வனத்துறை அனுமதியின்றி யாரும் கை வைக்க முடியாது. செத்த பவளத்துண்டு ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாலும் அது குற்றம். ஆர்வத்தோடு உடைப்பவனுக்கும் கூலிக்கு உடைத்த எனக்கும் பவளம் வித்தியாசம் பார்க்காது. தெரிந்தவர்களுக்குக் கீழே கைப்பிள்ளையாகச் சேர். பட்டறையில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் ஆறு மாதம் எனக்கு வெல்டிங் ராடைக் கையில் கொடுக்கவில்லை, துரு தேய்க்கத்தான் விட்டார்கள். அந்த ஆறு மாதத்தில்தான் இரும்பைப் படித்தேன்.

நட்டதெல்லாம் நிலைக்கும் என்று யாரும் உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. அமெரிக்காவின் புளோரிடாவில் டைவர்கள் பல ஆண்டுகளாகக் கடலுக்குள் பவள நாற்றங்கால் வைத்து, ஆயிரக்கணக்கில் நட்டார்கள். 2023 கோடையில் கடல் அங்கே வரலாறு காணாத சூட்டுக்குப் போனது. நாற்றங்காலில் இருந்த பவளங்களை அவசரமாகத் தூக்கிக் கரைத் தொட்டிகளில் வைத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. நட்டதில் பெரும்பகுதி செத்தது. மறு ஆண்டு ஏப்ரலில், உலகம் முழுக்கப் பவளங்கள் வெளுப்பது இது நான்காம் முறை என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். இதைக் கேட்டு மனம் தளராதே. புளோரிடாவில் அந்தப் பிள்ளைகள் மறுபடியும் இறங்கியிருக்கிறார்கள். நடுவது நமக்குக் கொஞ்சம் காலத்தை வாங்கித் தருகிறது. அந்தக் காலத்துக்குள் செய்ய வேண்டிய பெரிய வேலை கரையில்தான் இருக்கிறது.

கரையில்

"நாம இருக்கிறது மலைமேல, கடலுக்கும் நமக்கும் என்ன?" என்று இங்கே பிள்ளைகள் கேட்பார்கள். தென்பெண்ணை கர்நாடகத்திலிருந்து நம் பாகலூர்ப் பக்கம் கொடியாளத்தில்தான் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. வரும்போதே பெங்களூரின் கழிவையும் சுமந்துகொண்டு வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் மலைபோல நுரை எழும்புவதை நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே உன் அப்பா வண்டியை நிறுத்திக் காட்டியிருக்கிறான். "பஞ்சு மிட்டாய்" என்று நீ கை நீட்டினாய். அந்த ஆறு கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டிக் கடலூரில் வங்கக் கடலில் விழுகிறது. அந்தத் தண்ணீர் நேரே மன்னார் வளைகுடாப் பவளத்தின்மேல் போய் விழுகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உலகத்தில் பவளம் சாகிற பல இடங்களில் இதேபோன்ற ஆறுகள், இதேபோன்ற சாக்கடைகள், இதேபோல உரம் கரைந்த தண்ணீர்தான் பாசியை வளர்த்துப் பாறையை மூடுகின்றன. நம் ஊரைப்போன்ற ஊர்கள்தான் அந்த ஆறுகளின் தலைமாட்டில் இருக்கின்றன.

சூடும் அப்படித்தான். நாம் எரிக்கிற கரியாலும் எண்ணெயாலும் பூமியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. அதனால் உன் ஆலையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறதா, வெறுமனே கணக்குக்கு நிற்கிறதா என்று கேட்பதும் டைவர் வேலைதான். கூரையில் சூரியத் தகடு போடலாமே என்று கூட்டத்தில் எழுந்து சொல்வதும் டைவர் வேலைதான். நீ கீழே இறங்கிப் பார்த்தவள். பார்க்காத பத்துப் பேருக்கு வந்து சொல்ல வேண்டிய கடமை உனக்கு இருக்கிறது.

போகும் முன்

அடுத்த மாதம் நீ மறுபடியும் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். உனக்காக ஒரு கோடு போட்ட நோட்டும், கட்டிக்கொள்ள நூலும், ஒரு பென்சிலும் வாங்கி வைத்திருக்கிறேன். கடலுக்குள் எழுதத் தனி பலகை உண்டு என்று சொல்கிறார்கள், அது உன்னிடமே இருக்கும். மேலே வந்ததும் பலகையில் உள்ளதை இந்த நோட்டில் எழுது.

இரண்டு பக்கத்தை நானே கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் உயிரோடு இருப்பவை, இன்னொரு பக்கம் வெளுத்தவை. காளவாசல் சுவரில் நாங்கள் இழுத்த மாதிரியே எழுது. நான்கு கோடு, குறுக்கே ஒன்று. எனக்குப் பழகிய கணக்கு அதுதான். அந்தச் சுவரில் உயிரோடு இருந்த ஒன்றுக்குக்கூட நாங்கள் கோடு போட்டதில்லை. முதல் கோட்டை நீ போடு கண்ணு. திரும்பி வந்ததும் நோட்டைத் திண்ணையில் என் பக்கத்தில் வை. நான் எண்ணிப் பார்க்கிறேன்.